நிகர எடை

பதினோரு மணிக்கு மேல்தான் நெட் ஒழுங்காக வரும்
புதுவயலில், அதுவும் எங்கள் தெருவில்.
யாழ்மொழி தூங்கிவிட்டாள்.
கால் என் மடியில், தலை அவள் அப்பாவின் வயிற்றில்.
டைரியில் டீச்சர் எழுதி அனுப்பியிருந்தார்:
'எழுத்துக் கூட்டி வாசிக்கத் திணறுகிறாள்.
வீட்டில் ஏதாவது ஆப் போட்டுக் கொடுங்கள்.'

ஏதாவது ஆப்.
ஏதாவது அரிசி என்று
இந்த ஊர்க் கடையில் கேட்டுப் பாருங்கள்.
பச்சையா புழுங்கலா, பழசா புதுசா,
இட்லிக்கா சோற்றுக்கா என்றே
பொழுதைச் சாய்த்துவிடுவார்கள்.

இடமில்லை என்றது போன்.
நாத்தனார் வளைகாப்பு வீடியோவை அழித்தேன்.
கேட்டால் தானாகப் போய்விட்டது என்பேன்.
மூன்றை இறக்கினேன்.

எனக்கு வேலை மில் வாசலில், எடை மேடையில்.
லாரி பாரத்தோடு ஏறும், ஒரு சீட்டு.
இறக்கிவிட்டு வெறுமனே ஏறும், இன்னொரு சீட்டு.
கழித்தால் வருவதுதான் நெல்.
நனைந்த தார்ப்பாயோடு ஏற்றுவான் ஒருவன்,
கிளீனர் பையனை உள்ளேயே படுக்க வைப்பான் ஒருவன்.
ஒன்பது வருஷமாக
நான் உருப்படியாகப் போடுகிற கணக்கு இது ஒன்றுதான்.

முதல் ஆப்பில் ஒரு கிளி.
எதைத் தொட்டாலும் 'அருமை! அற்புதம்!'
வேண்டுமென்றே தப்பைத் தொட்டேன்.
அதற்கும் ஒரு நட்சத்திரம்.
'க'வுக்கும் 'கா'வுக்கும் நடுவில்
சோப்பு, ரம்மி, நகைக் கடன்.
கழித்துப் பார்த்தேன்:
பத்து நிமிஷத்தில் நாலு எழுத்து.
லாரி பெரிசு, உள்ளே ஒரு மூட்டை.

இரண்டாவது அழகு.
பக்கம் புரளும் சத்தம்கூட வருகிறது.
கதையில் பனி கொட்டுகிறது,
ஒரு குழந்தை கையுறையைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறது.
தமிழ்தான், யாரோ இஸ்திரி போட்ட தமிழ்.
ஏழு நாள் இலவசம்,
எட்டாம் நாள் இரண்டாயிரத்து நானூறு.
கார்டு நம்பர் கேட்டது, பள்ளிக்கூடம் கேட்டது,
போனில் உள்ள படம் எல்லாம் பார்க்கட்டுமா என்றது.
வளைகாப்பை இப்போதுதான் அழித்தேன் தாயே,
போய் வா.

மூன்றாவதில் படமே குறைவு.
மஞ்சள் பின்னணி, பெரிய எழுத்து.
குழந்தையின் பெயர்?
தட்டினேன்.
ஒரு பெண் குரல், அவசரமில்லாமல்,
'வணக்கம், யாழ்மொழி' என்றது.

போனைக் கவிழ்த்து வைத்தேன்.

நான் வைத்த பெயர்.
ஜெராக்ஸ் கடைப் பட்டியலில் முப்பத்தேழாவது,
சேவுகனோடு மூன்று நாள் பேசாமல் இருந்து வைத்தது.
ஏழு வருஷமாகக் கூப்பிடுகிறேன்,
ஏ யாளு, யாளுமொளி, சாப்பிட வா.
அவளும் வந்துகொண்டுதான் இருக்கிறாள்.

மறுபடி நிமிர்த்தினேன்.
மைக்கைத் தொட்டுச் சொல்லச் சொன்னது: மழை.
'மளை' என்றேன், கிசுகிசுப்பாக.
சிவப்பு இல்லை, ஊளைச் சத்தம் இல்லை.
இன்னொரு முறை கேட்போம் என்று
அதுவே சொல்லிவிட்டுக் காத்திருந்தது.
மளை.
காத்திருந்தது.
நாக்கை மடித்துப் பார்த்தேன்,
சூட்டுப் பணியாரத்தை வாயில் போட்டுக்கொண்டவள் மாதிரி.
'என்னடி பண்ற நடுராத்திரில?'
கண் திறக்காமல் கேட்டார் சேவுகன்.
'எடை போடறேன்.'
'எத்தன டன்னு?'
திரும்பிப் படுத்துக்கொண்டார்.

குறை இல்லாமல் இல்லை.
கதை பன்னிரண்டுதான் இருக்கிறது,
அதில் இரண்டு ஒரே நரி.
நெட் இல்லாமலும் ஓடும், விளம்பரம் கிடையாது.
மற்ற இரண்டையும் தூக்கினேன்.

காலையில் கொடுத்தேன்.
இருபது நிமிஷம் என்று மனதில் கணக்கு.
'கி... கிழ... கிழங்கு' என்று
நரியின் முதல் பக்கத்தைத் தாண்டினாள்.
ஆறாவது நிமிஷம் சலித்துப்போய்
போனை என் வாய்க்கு நேரே நீட்டினாள்.
'நீ சொல்லும்மா.'
மில்லில் முதல் லாரி ஹாரன் அடித்தது.
நேரமாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம்.
மைக் மினுங்கிக்கொண்டிருந்தது.
அது காத்திருந்தது, அவளும்.