டிசம்பர் 21, மதியம் 1:40

முன்பெல்லாம் ஒரு படத்துக்கு ஓர் இரவு.
பொத்தானை அழுத்திவிட்டு
மேலங்கியை மாட்டிக்கொண்டு போய்விடலாம்.
விடியும்வரை கணினி தனியே வெளிச்சத்தை எண்ணிக்கொண்டிருக்கும்.
அந்த இரவுகளில் நான்
குற்றமற்றவளாகத் தூங்கினேன் என்று இப்போது தோன்றுகிறது.

இப்போது காத்திருப்பே இல்லை.
சூரியனை ஒரு விரலால் நகர்த்தினால்
நிழல் பின்னாலேயே வருகிறது,
கடன் கொடுத்தவன் மாதிரி, ஓரடி பிந்தாமல்.
மேசைக்கடியில் விசிறி மட்டும் இரைகிறது.

வின்னிபெக். பிராட்வேக்குத் தெற்கே நாற்பத்திரண்டு மாடி.
ஒரு செங்கல்கூட இன்னும் வரவில்லை.
ஆனால் முப்பத்தொன்பதாம் மாடிப் பால்கனியில் நின்று
அசினிபோயின் ஆறு வளைவதை நான் பார்த்துவிட்டேன்.
கண்ணாடிகளுக்குப் பிரதிபலிப்புக் கொடுத்தேன்.
சமையல்மேடைக்கு இத்தாலியப் பளிங்கு;
டேரன் முகம் சுளித்ததும்
அதே மாதிரி தெரிகிற வேறொன்று.
கோப்பிலிருந்து மனிதர்களை இறக்கினேன்:
நடக்கும் பெண் ஏழு,
காப்பிக் கோப்பையோடு ஆண் பன்னிரண்டு.
ஒருவர் தலையிலும் கம்பளிக் குல்லா இல்லை,
ஒருவர் வாயிலும் மூச்சுப்புகை இல்லை.
எந்த ஊர் என்று சொல்லாமலே
அழைத்துவந்துவிட்டார்கள் போல.

சுற்றியிருப்பவை எல்லாம் சாம்பல் பெட்டிகள்.
அதுதான் வழக்கம்.
விற்காததற்கு நாங்கள் ஜன்னல் வைப்பதில்லை.
வடகிழக்கே மூன்றாவது பெட்டி, பதினோரு மாடி உயரம்.
அதில் நான்காம் மாடியில் நான் குடியிருக்கிறேன்.

தேதியை டிசம்பர் இருபத்தொன்றுக்கு இழுத்தேன்.
யாரும் கேட்கவில்லை. சும்மாதான்.
பன்னிரண்டு. ஒன்று.
நிழல் சாலையைக் கடந்தது,
வாகன நிறுத்தத்தைக் கடந்தது,
1:40க்கு என் பெட்டிமேல் ஏறியது.
சூரியன் மறையும்வரை இறங்கவில்லை.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள்.
மைனஸ் இருபத்தெட்டில்
பழமொழியைத் தலைகீழாகப் பிடித்து வாசிக்க வேண்டும்.

எனக்கு நேர்கீழே திருமதி கோவால்ச்சுக்.
ஜன்னல் விளிம்பில் ஒரு ஜெரேனியம் வைத்திருக்கிறார்.
பிப்ரவரியில்கூடப் பூக்கும்,
கொஞ்சமும் வெட்கமில்லாத சிவப்பு.

அன்று எல்லோரும் போன பிறகு
என் பெட்டியில் ஜன்னல்கள் வெட்டினேன்.
கணக்கில் எழுத முடியாத இரண்டு மணி நேரம்.
மூன்றாம் மாடியில் ஒரு பூந்தொட்டி.
படத்தில் அது நாலு புள்ளி அகலம்.

புதன்கிழமைக் கூட்டம். சுவர் முழுக்கத் திரை.
"ஜூன், மாலை ஏழரை" என்றார் டேரன்.
ஜூன் வைத்தேன். ஆறு பொன்னானது.
"டிசம்பரையும் ஒருமுறை பார்க்கலாமா?"
"டிசம்பரில் யார் வீடு வாங்குகிறார்கள், கௌசிகா?"
சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன்.
பிறகு அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு,
"அங்கே என்ன, சிவப்பாக?"
"பூ."
"யாருடையது?"
பதில் நீளமானது, கூட்டம் அரை மணி நேரம்தான்.
அவரே சொன்னார்:
"நன்றாகத்தான் இருக்கிறது, உயிர் இருக்கிறது.
அதன்மேல் கொஞ்சம் வெயில் விழட்டும்."

விழவைத்தேன்.
சூரியனைத் தொடாமல்,
அந்தப் பூவுக்கென்று தனியாக ஒரு விளக்கு,
பார்ப்பவர் கண்ணுக்குப் படாத விளக்கு.
இரண்டு சொடுக்கு.

ஞாயிறு. வீடு. அரிசி களைகிறேன்.
குழாயின் வளைவில் வெயில் உட்கார்ந்திருக்கிறது.
பாத்திரத்து நீரில் பட்டு, உடைந்து,
கூரையில் நெளிந்து நெளிந்து ஆடுகிறது.
இந்த ஆட்டம் மட்டும் மென்பொருளுக்கு
இன்னும் சரியாக வரவில்லை.
முயன்றால் புள்ளி புள்ளியாகப் பொரிந்துவிடும்.

கீழே தொட்டியைத் திருப்பிவைக்கும் சத்தம்.
பனி உருகியதும் குழி தோண்ட வருவார்கள்.
அவரிடம் எப்படிச் சொல்வது,
மணியையா, மாடிக் கணக்கையா,
என் சம்பளத்தையா?

மணி 1:38.
தண்ணீரை இன்னும் கொட்டவில்லை.