கம்பி நீட்டின வீடு

டவுனில் ஒரு சதுரடி வாங்கும் காசுக்கு
இங்கே மூன்று என்றார் முனிரத்தினம்.
வேனில் கூட்டிவந்து
வெள்ளை வெயிலில் நிறுத்தி
ஆளுக்கொரு லெமன் சாதப் பொட்டலம் கொடுத்து
சுண்ணாம்பு அடித்த கல்லுக்குக் கல் கை காட்டினார்.
இது பூங்கா. இது முப்பதடி ரோடு.
அதோ, அங்கே பஸ் ஸ்டாப் வரும்.
அவர் கை காட்டிய இடமெல்லாம்
வேலிக்காத்தான் நின்றது.
நாங்கள் விலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அரியூர் தாண்டி, கல்குவாரி தாண்டி,
ஸ்ரீ தனலட்சுமி நகர், விரிவு இரண்டு.
விரிவு ஒன்று எங்கே என்று
இதுவரை யாருக்கும் தெரியாது.

பகலெல்லாம் வெயிலைத் தின்ற பாறைமலை
ராத்திரி பத்து மணிக்குத்தான் ஏப்பம் விடும்.
ஜன்னலைத் திறந்தால் அது,
மூடினால் நாங்கள்.
நானூற்று இருபதடி போர்.
மோட்டார் போட்டால் முதலில் காற்று வரும்,
பிறகு இருமல்,
பிறகு உப்பாய்க் கொஞ்சம் தண்ணீர்.

முதல் மழைக்கு ரோடு காணாமல் போனது.
செருப்பில் இரண்டு வகை உண்டென்று
அன்றைக்குத்தான் கற்றோம்.
மெயின் ரோடு வரைக்கும் ஒன்று,
அதற்குமேல் ஒன்று.
கோதண்டம் டீக்கடை பெஞ்சுக்கடியில்
சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கும்
பத்தொன்பது ஜோடி சேற்றுச் செருப்பு.
ஒருநாளும் மாறிப்போனதில்லை.
ஜெர்மனிக்குப் போகும் ஷூவுக்குத்
தோல் வெட்டும் ஜபருல்லாவுடையதும்
அதில் ஒன்று,
வாரில் சேஃப்டி பின் குத்தியது.

எனக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலை.
கையை இறுக்கி மூடுங்கள் என்று
நான்கு பாஷையில் சொல்லத் தெரியும்.
ஷிப்ட் முடிந்து ஆட்டோக்காரரிடம்
வீட்டுக்கு வழி சொல்ல
ஒன்றும் போதாது.
பிளாட் நாற்பத்தாறு.
நாற்பத்தைந்து முள்.
நாற்பத்தேழு ஏனோ அடுத்த தெருவில்.
மஞ்சள் வீட்டுக்குப் பக்கத்தில் என்று
இரண்டு வருஷம் சொன்னேன்;
பொங்கலுக்கு அவர்கள் பச்சை அடித்துவிட்டார்கள்.

மொட்டைமாடியில் நான்கு மூலையிலும்
ஆளுயரக் கம்பி.
சீட்டு எடுத்ததும் மேலே கட்டிடலாம் என்றார் தீனதயாளன்.
சீட்டு எடுத்தோம்.
நாத்தனார் பிரசவம், பையன் ஸ்கூல் பீஸ்,
வண்டி என்ஜின்.
கம்பியில் கொடி கட்டித் துணி காயப்போட்டேன்.
மழைக்குத் துரு இறங்கி
சுவரில் காவிக் கோடு போட்டது.

ஒருநாள் மேலே துணி எடுக்கும்போது
மெர்சி புஷ்பலதா டீச்சர்
கேஸ்காரப் பையனுக்குப் போனில் கத்துவது கேட்டது:
"டேங்க் தாண்டி நேரா வாப்பா,
கம்பி நீட்டின வீடுன்னு ஒண்ணு வரும்,
அதுக்கு எதிர் சந்து."

எனக்குச் சுருக்கென்றது.
பத்திரம் முடிந்த மறுமாசம்
ஆபீசைப் பூட்டிக்கொண்டு
கம்பி நீட்டியது முனிரத்தினம்.
பேர் எங்களுக்கு.

அப்புறம் ஐப்பசியில்,
ராத்திரி இரண்டு மணி, கரண்ட் இல்லை.
டீச்சர் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி.
நூற்றெட்டு வண்டியின் வெளிச்சம்
முள்ளுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது,
டீச்சர் போனில் அதே வழியைச்
சொல்லிச் சொல்லி அழுதுகொண்டிருந்தார்.
தீனா கைலியோடு மாடிக்கு ஓடிப்போய்
செல்போன் டார்ச்சைத்
துணிக் கிளிப்பால் கம்பியில் மாட்டினார்.
கொஞ்ச நேரம் வண்டி நின்றது.
பிறகு எங்கள் பக்கம் திரும்பியது.

அவர் இப்போது வாக்கிங் போகிறார்,
பூங்கா வரவேண்டிய இடத்தைச் சுற்றி.

இந்தத் தை, மறுபடி சீட்டு விழுந்தது.
மேஸ்திரி வந்தார்,
கம்பியைத் தட்டிப் பார்த்தார்,
ஒரு ரூம், ஒரு பாத்ரூம், கணக்குப் போட்டார்.
இறங்கும்போது படியில் நின்று கேட்டார்:
"அதுக்கும் மேல கம்பி விடணுமா மேடம்,
இல்ல இதோட மூடிரலாமா?"
தீனா என்னைப் பார்த்தார்.

விடுங்க, என்றேன்.
நல்லா உயரமா விடுங்க.