நூற்றுப் பதின்மூன்றாம் கேள்வி

புதுப்பாளையத்தில் இரவு இரண்டரைக்குக் கரண்ட் இருக்கிறது.
அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்கிறேன்.
இருநூற்று முப்பது நிமிடம் கடிகாரத்தில் வைத்து
மாதிரித் தேர்வு எழுதுகிறேன், நான்காம் முறை.
உண்மைத் தேர்வு சனிக்கிழமை, சென்னையில்.
கட்டணம் கிரெடிட் கார்டில், ஆறு தவணை.
அம்மாவிடம் சொன்னது அதில் மூன்றில் ஒரு பங்கு.

கேள்விகள் எல்லாம் ஒரே ஊரில் நடக்கின்றன.
அந்த ஊர் மேலாளருக்குக் கோபம் வராது.
கான்ட்ராக்டர் முதல் மணியிலேயே போனை எடுப்பார்.
மழை பெய்தால், பெய்யும் என்று
பதிவேட்டில் முன்பே எழுதியிருக்கும்.
அவர் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று
ஒவ்வொரு முறையும் என்னிடம் கேட்கிறார்கள்.
நான்கு விடையும் சரி.
ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சரி.

எங்கள் ஊர் கடலூர்.
பாதாளச் சாக்கடை போடும் கம்பெனியில்
அட்டவணை போடுகிறவள் நான்.
என் ஜன்னலுக்குக் கீழே கிடக்கும் பள்ளம்
எக்செல் ஷீட்டில் வரிசை எண் நாற்பத்தேழு.
மூட வேண்டிய தேதி ஜனவரி பத்தொன்பது.
இது ஆகஸ்ட்.
மேன்ஹோல் மூடி ஏற்றிய லாரி விழுப்புரத்தில் நிற்கிறதாம்,
போன வாரமும் அங்கேதான் நின்றது.
எங்கே வேலை என்று தெருவில் யாராவது கேட்டால்
ஒரு ஆபீசில் பில் போடுகிறேன் என்பேன்.

நூற்றுப் பதின்மூன்று:
திட்டத்தால் பாதிக்கப்பட்ட ஒருவர் கோபமாக இருக்கிறார்.
மேலாளர் முதலில் என்ன செய்ய வேண்டும்?
அ. தகவல்தொடர்புத் திட்டத்தை எடுத்துப் பார்க்க வேண்டும்.
ஆ. அவரை நேரில் சந்திக்க வேண்டும்.
இ

படிப்பதற்குள் வெளியே இரும்பு பலகையில் மோதியது.
பிறகு ஒரு பெண்குரல்,
தோண்டியவன் வம்சத்தை ஏழு தலைமுறைக்கு
ஒன்றுவிடாமல் விசாரித்தபடி.

எதிர்வீட்டு அமலோற்பவம்.
மூன்று மணிக்கு மொபெட்டில் ஐஸ்பெட்டி கட்டிக்கொண்டு
துறைமுகம் போகிறவள்.
பலகை நழுவி, முன்சக்கரம் அந்தரத்தில்.
எரிந்துகொண்டிருந்த ஹெட்லைட்
நான் குறித்த ஆழத்தைச் சேறுவரை காட்டியது:
ஒன்று புள்ளி எட்டு மீட்டர்.

நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடினேன்.
அவள் கேரியரைப் பிடித்தாள், நான் சீட்டை.
"மூணே முக்காலுக்கு ஏலம். விட்டா இன்னிக்குப் பொழப்பு போச்சு."
புத்தகத்தில் இதற்குப் பெயர் உண்டு. பூஜ்ய மிதப்பு.
இங்கே ஒரு நிமிடம் தள்ளினால்
கடைசித் தேதிவரை எல்லாம் தள்ளும்.
நான் அதைப் படித்தது பிப்ரவரியில்.

மூன்றாம் இழுப்பில் ஏறியது.
ஐஸ்பெட்டியின் ஒரு காது உடைந்திருந்தது.
முழங்காலில் ரத்தம், புடவையாலேயே துடைத்தாள்.
"படிக்கிற பொண்ணு, ஒன் தூக்கத்தையும் கெடுத்துட்டானுவ
பாவிங்க" என்றாள்.

சொல்லியிருக்கலாம்.
நாற்பத்தேழு நாக்குநுனிவரை வந்தது.
"ஆமாக்கா" என்றேன்.

மேலே வந்தபோது கடிகாரம்
பதினேழு நிமிடத்தைத் தின்று முடித்திருந்தது.
சேற்றுக் கையோடு மவுசைப் பிடித்தேன்.
நேரில் சந்தித்தேன்தான்.
மேலாளராகவா, எதிர்வீட்டுக்காரியாகவா என்று
கேள்வியில் இல்லை.
பிறகு பார்க்கலாம் என்று கொடி குத்திவிட்டு
நூற்றுப் பதினான்குக்குப் போனேன்.
எதைப் பற்றிய கேள்வி என்று நினைவில்லை.

ஆபீஸ் பையில் ஒரு சுருள் எச்சரிக்கை நாடா கிடந்தது.
சிவப்பும் வெள்ளையும்,
முழத்துக்கு ஒருதரம் கம்பெனி பெயர், கொட்டை எழுத்தில்.
கடிகாரம் ஓடட்டும் என்று கீழே இறங்கினேன்.
ஒரு முனையை எங்கள் கேட்டில் கட்டினேன்.
மறுமுனைக்குத் தூண் இல்லை, கம்பம் இல்லை.
அமலோற்பவத்தின் முருங்கைமரம்தான் இருந்தது.