ஈரப்பதம் பத்தொன்பது

நெல் கொள்முதல் நிலையத்தில் எனக்கு
ஒரு மேசை, கால் ஆடும் நாற்காலி,
ஈரம் பார்க்கும் கருவி.
கையளவு நெல்லைப் போட்டால் எண் காட்டும்.
பதினேழைத் தாண்டினால்
"காயப் போட்டு எடுத்துட்டு வாங்க."
ஒரு நாளைக்கு அறுபது தடவை சொல்கிறேன்.
ராத்திரி வீட்டில்
என் பக்கங்களிடமும் அதையேதான்.

மரகதவல்லி என்று ஒருத்தியை
திருத்துறைப்பூண்டி பேருந்து நிலையத்தில்
போன மாசியில் நிறுத்தினேன்.
இது தை.
புருஷன் வீட்டை விட்டு வந்தவள்,
கையில் கட்டைப் பை,
முந்தானை முடிச்சில் பதினாலு ரூபாய்.
அது எந்த ஊருக்கும் போதாது.
அதுதான் கதை என்று நினைத்திருந்தேன்.
சித்திரை வெயிலில் நின்றாள்.
ஐப்பசியில் முள்ளியாறு கரை தொட்டு ஓடியபோதும்
அதே தூணோரம்.
ஒரு குடைகூட நான் எழுதித் தரவில்லை.
நடுவில் அவளை ஆணாக்கிப் பார்த்தேன்,
அவன் டீக்கடையில் போய் உட்கார்ந்துவிட்டான்.

மூட்டை நாற்பது கிலோ என்று எடைமேடை சொல்லும்.
இரண்டு வருஷமாய் எழுதியதைத் தூற்றினால்
கையில் எது நிற்கும் என்று யார் சொல்வது?

லோடுமேன் பக்கிரிசாமிக்குக் கருவியில் நம்பிக்கை இல்லை.
ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடிப்பார்.
கடக் என்றால் எடுக்கலாம்.
நசுக் என்றால் திருப்பு.
யாரும் இல்லாத மத்தியானத்தில்
என் முதல் வாக்கியத்தை அப்படிக் கடித்துப் பார்த்தேன்.
நசுக்.

தாள் தீர்ந்த ஒரு நாள்
ரசீதின் முதுகில் நாலு வரி எழுதினேன்.
கூட்டத்தில் அது
தையல்நாயகியின் கைக்குப் போய்விட்டது.
எட்டாம் நாள் வந்து நின்றாள்.
"இது என்னா கணக்கு?
பதினாலு ரூபா எங்கிட்ட பிடிச்சிருக்கியா?"

காது சுட்டது எனக்கு.
"இல்லைங்க. அது கதை."

"கதையா."
தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து
எழுத்துக் கூட்டினாள்.
லாரி ஒன்று பின்னால் வந்து நின்று
ஆரன் அடித்தது. அவள் நகரவில்லை.
"ஏன் நிக்கிறா இவ?"

"பஸ்ஸுக்குக் காசு பத்தலை."

"டவுன் பஸ்ல பொம்பளைக்கு ஏது காசு?
மன்னார்குடில எறங்கி,
மாறி மாறி ஏறினா தஞ்சாவூரே போயிடலாம்."
கொஞ்சம் நிறுத்தி,
"நான் போயிருக்கேன்" என்றாள்.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.
தாளைக் கேட்டேன். தரவில்லை.
"பில்லு இது" என்று
மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

பதினொரு மாதம்.
தினமும் அந்தக் கட்டணமில்லாச் சீட்டை
விரலில் சுருட்டிக்கொண்டுதான்
நான் வேலைக்கு வருகிறேன்.

அன்று ராத்திரி பருவம் தப்பிய மழை.
வாசலில் அடுக்கிய மூட்டைகளின் மேல்
தார்ப்பாய் படபடப்பது
ரெண்டு தெரு தாண்டிக் கேட்டது.
நாளைக்கு எல்லாம் பத்தொன்பது, இருபது காட்டும்.

விளக்கைப் போட்டேன்.
பதினாலு ரூபாயை அடித்தேன்.
பஸ் வந்தது.
கண்டக்டர் கதவைத் தட்டி
"வர்றியாம்மா?" என்றார்.
மரகதவல்லி பையைத் தூக்கினாள்,
படியில் ஒரு கால் வைத்தாள்,
எடுத்துவிட்டாள்.
ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.
அவள் முகத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்,
இடது புருவத்தில் ஒரு தழும்பு.

அடுத்த பஸ் எட்டேகாலுக்கு.