அணைக்காத எஞ்சின்

வெள்ளிக்கிழமைகளில் நரினுக்குப் போகிறேன்,
அம்மாவின் நகம் வெட்ட.
பக்கவாதத்துக்குப் பின் அவளுடைய இடது கை
மடியில் கிடக்கிறது
யாரோ மறந்துவிட்டுப் போன கையுறைபோல.

மன்னித்துவிட்டேன் என்று
நான்கு முறை சொல்லியிருக்கிறேன் இதுவரை.
தங்கை ஜீபெக்கிடம், அவள் அழுதாள் என்பதற்காக.
முல்லாவிடம் இரண்டு முறை, அவர் விடவில்லை.
ஒரு முறை கண்ணாடியில்;
கேட்க நன்றாகவே இருந்தது.
மறுநாள் மாவு பிசையும்போது
விரலிடுக்கில் அப்படியே ஒட்டியிருந்தது கோபம்.

பத்தொன்பது வயது எனக்கு.
சந்தையிலிருந்து திரும்பும்போது
மூன்று பேர் தூக்கிக் காரில் போட்டார்கள்.
திரைக்குப் பின்னால் ஓர் இரவு முழுக்க
நீட்டிய வெள்ளைத் துணியைத் தட்டித் தட்டி
கை மரத்திருந்தது.
விடிந்ததும் அம்மா வந்தாள்.
நான் என் காலணியைத் தேடினேன்.
அவள் துணியை எடுத்து என் தலையில் கட்டினாள்.
"கல்லுக்கு விழுந்த இடத்தில்தான் கனம், சைராகுல்."
ரொட்டியைப் பிட்டு, தேநீர் குடித்து,
போய்விட்டாள்.

தூக்கிப்போனவனை மன்னிக்கவில்லை.
செத்தான், கணக்கு முடிந்தது.
அவன் வந்து காப்பாற்றுவான் என்று
நான் காத்திருக்கவில்லையே.

இன்று நகம் வெட்டி முடித்ததும்
வலது கையால் தன் முக்காட்டை நீட்டினாள்.
ஒற்றைக் கையால் முடிச்சுப் போட வராது.
கட்டினேன்.
"இறுக்கம்" என்றாள்.
தளர்த்தினேன்.
"அன்றைக்கு நானும் இறுக்கிவிட்டேன்.
உன் நெற்றியில் தடம் விழுந்தது."

முப்பத்தொரு வருடத்தில் அதைப் பற்றிய முதல் பேச்சு.
பிறகு ஜன்னலைப் பார்த்தபடி,
"எஞ்சினை அணைக்காதே என்று
டிரைவரிடம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தேன்."

பதினோரு பெண்கள் உட்கார்ந்திருந்தார்களாம்.
ஒருத்தி தேநீர் ஊற்றினாளாம்.
ஒருத்தி சம்பந்தி என்று கூப்பிட்டாளாம்.
அவ்வளவுதான்.

தணிந்தது என்று நினைப்பீர்கள். ஏறியது.
அவ்வளவு பக்கத்தில் வந்திருக்கிறாள், பதினைந்தடி!
கிண்ணத்தை நங்கென்று வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

டோலன் கணவாயில் பனி.
மினிபஸ்ஸை ஓடவிட்டபடியே
சக்கரத்துக்குச் சங்கிலி மாட்ட இறங்கினார் ஓட்டுநர்.
இருக்கை நடுங்கிக்கொண்டிருந்தது.
அந்த வாசலிலும் ஒரு வண்டி
இப்படித்தான் நடுங்கியபடி நின்றிருக்கும்.
திரைக்கு உள்ளே ஒருத்தி. வெளியே ஒருத்தி,
கையில் கிண்ணத்தோடு.

அவளுக்கு அப்போது என்ன வயது?
விரல் விட்டு எண்ணினேன்.
நாற்பத்தொன்று.
இன்றைய என்னைவிட ஒன்பது வயது சின்னவள்.

இதற்கு என்ன பெயர், தெரியவில்லை.
ஐந்தாம் முறை சொல்லப்போவதில்லை.
நகவெட்டி மழுங்கிவிட்டது,
வெள்ளிக்கிழமைக்குள் வேறு வாங்க வேண்டும்.