இடுப்பளவு

நூபா மலையில்
வீட்டுக்கு ஓர் அடுப்பு, இரண்டு குழி.
அடுப்பு எரியாத நாட்கள் உண்டு.
குழியை மட்டும் தினமும் பெருக்கி வைப்பேன்,
சம்பந்தி வீட்டார் வரப்போகிற அறையைப் போல.

ஆண்டவரே, நான் கேட்டது கோட்டை.
நாலு பக்கமும் கல், மேலே இரும்புக் கூரை.
நீர் கொடுத்தது
சோளக்கொல்லை ஓரத்தில் இடுப்பளவுப் பள்ளம்.
அதையும் நானேதான் வெட்டினேன்.

அன்று முதலில் ஆடுகளின் காது நிமிர்ந்தது.
பிறகு பிள்ளைகள் வாய் மூடினார்கள்.
பிறகுதான் எங்களுக்குக் கேட்டது
அன்டனோவ் விமானம்,
மாவு மில் ஒன்று வானத்தில்
அரைத்துக்கொண்டே வருவதைப் போல.
பிசைந்த மாவு கையில் ஒட்டியிருக்க
கல்லோவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு குதித்தேன்.

எனக்கு முன்பே அங்கே ஒருவர் இருந்தார்.

மூலையில், சுருண்டு,
ஈர மண்ணின் நிறத்தில்,
படத்தைப் பாதி விரித்து.

ஏறினால் அது. இருந்தால் இது.
யா ரப், என்றேன். அவ்வளவுதான் வந்தது.
ஞாயிறுதோறும் நீட்டி முழக்குகிற ஜெபத்தில்
ஒரு வரி கூட நாக்குக்கு எட்டவில்லை.
பக்கத்துக் குழியில் ஹவா
அதே இரண்டு சொல்லைச் சொல்வது கேட்டது.
அவள் வெள்ளிக்கிழமைக்காரி.
இருவருக்கும் சேர்த்து
ஒரே தடவை காது கொடுத்தால் போதும் என்று நினைத்தேன்.

முதல் குண்டு ஓடைக்கு அப்பால்.
இரண்டாவது இப்பால்.
மூன்றாவதில்
நிலம் எழுந்து நின்று எங்கள் மேல் உட்கார்ந்தது.

பாம்பென்றால் படையும் நடுங்குமாம்.
படை வந்தபோது
பாம்பு நடுங்கியதை நான் பார்த்தேன்.
விரித்த படம் ஒடுங்கி
தன் சுருளுக்கு அடியிலேயே
தலையைச் செருகிக்கொண்டது,
என் துணிக்குள் கல்லோ செருகிக்கொண்ட மாதிரி.
இடையில் ஒரு முழம்.
யாரும் யாரையும் தொடவில்லை.

அந்த ஒரு முழத்தை
உம்மைத் தவிர யார் அளந்து போட்டிருப்பார்கள்?

இதைச் சபையில் எழுந்து சாட்சியாகச் சொன்னால்
தியாவின் மனைவி முகத்தை எப்படிப் பார்ப்பேன்?
எங்களுக்கு ஜெபம் சொல்லித்தந்தவன் தியா.
என்னைவிட உம்மை நம்பியவன்.
காது கேளாத குவா, விமானத்துக்கு முதுகு காட்டி
எள் உதிர்த்துக்கொண்டிருந்தான்.
தியா ஓடினான்.
குவாவைத் தள்ளிய குழியில்
தியாவுக்கு இடம் இல்லை.

கணக்குக் கேட்கமாட்டேன் என்றிருந்தேன்.
கேட்டேன். பொய் சொல்வானேன்,
மூன்று இரவு கேட்டேன்.
நீர் பதில் பேசவில்லை. எழுந்து போகவும் இல்லை.
இழவு வீட்டுக்கு வந்து
வாசலில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும்
தூரத்துச் சொந்தம் போல இருந்தீர்.
நாலாம் நாள் உமக்கும் சேர்த்து
கஞ்சி காய்ச்சினேன்.

மேலே பறந்தவன் யாரோ.
அவன் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்று
ஒரு தாய் விடியலில் எழுந்து வேண்டியிருப்பாள்.
அவன் திரும்பிவிட்டான்.
அவள் சொன்னதும் நான் சொன்னதும்
உம் வாசலில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றிருக்கும்.
இதற்குமேல் என்னால் யோசிக்க முடியவில்லை.
களை எடுக்கப் போய்விட்டேன்.

மண்வெட்டியோடு வந்தான் ஹவாவின் தம்பி,
பாம்பை அடிக்க.
வேண்டாம் என்றேன்.
குண்டு விழும்போது கடிக்காதது
சும்மா இருக்கும்போது கடிக்குமா என்று கேட்டேன்.
கடிக்கும் அக்கா, என்றான்.
அவன் சொல்வதும் சரிதான்.

குழியை இன்னும் ஒரு முழம் அகலமாக வெட்டியிருக்கிறேன்.
கையில் எப்போதும் ஒரு கூழாங்கல்.
மில் சத்தம் மலையைத் தாண்டும்போது
முதலில் கல்லைப் போடுகிறேன்,
பிறகு குரல் கொடுக்கிறேன்:

நகர்ந்துகொள்.
நாங்களும் வருகிறோம்.

உம்மிடமும்
அதையேதான் சொல்கிறேன்.