நான்காவது கால்

நூற்றாண்டு விழாவாம்.
கண்ணாடிப் பெட்டியைத் திறந்து
அந்தப் பழைய சட்டையை என்னிடம் கொடுத்தார்கள்.
"பெலார்மினா, கறையை மட்டும் எடுத்துவிடு,
கழுதையைக் கசக்கிவிடாதே."

கழுதையல்ல, கோவேறு கழுதை.
முப்பத்தோரு வருஷமாக
வல்ஸ்கூரா அணியின் அழுக்கை வெளுப்பவள் நான்,
எனக்குத் தெரியாதா.
பச்சைத் துணியில் கறுப்பு நூல்,
நெற்றியில் சுரங்க விளக்கு,
கால்கள் மூன்று.

அதனால்தான் எங்கள் அணிக்கு லா கோஷா என்று பேர்.
கோஷா என்றால் நொண்டி.
எதிரணிக்காரர்கள்
கரி கழுவிக் கறுத்த ஆற்றின் அக்கரையிலிருந்து
கல்லோடு சேர்த்து எறிந்தது.
கல்லைத் திருப்பி எறிந்தோம்.
பெயரை வைத்துக்கொண்டோம்.

மூன்று கால் ஏன் என்று
எந்த மதுக்கடையிலும் கேட்டுப் பாருங்கள்.
புட்டியைத் தலைக்கு மேல் தூக்கி
இடுப்பருகே பிடித்த கிளாஸில்
ஆப்பிள் மதுவை ஊற்றிக்கொண்டே
"நூல் தீர்ந்துபோயிற்று" என்பார் ஒருவர்.
"மூன்றாம் குழியில் கூரை சரிந்தபோது
கலானாவுக்கு நிஜமாகவே கால் போயிற்று,
அதற்குப் பிறகும் பதினொரு நாள் கரி இழுத்தது"
என்பார் இன்னொருவர்.
பதினொன்று அணியின் கணக்கு,
கலானாவின் கணக்கல்ல.
மருந்துக்கடை ஃப்ருக்துவோசோ மட்டும்
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி,
"பக்கவாட்டில் நிற்கிறது.
நான்காவது கால் மறைந்திருக்கிறது. அவ்வளவுதான்."
அவரை யாருக்கும் பிடிக்காது.

ஒரு தடவை மாட்ரிட்டிலிருந்து
ஒரு நிறுவனம் வந்து சின்னத்தைச் செப்பனிட்டது.
வழவழவென்று ஒரு மிருகம், நாலு காலும் சரியாக,
பல் துலக்கி உட்காரவைத்த மாதிரி.
அந்த ஞாயிறு, கொட்டும் மழையில்,
ஆயிரத்து இருநூறு பேர்
நொண்டியடித்தே மைதானத்துக்குள் வந்தார்கள்.
பாதிரியாரும்.
நிறைமாத நியெவெஸும், புருஷன் தோளைப் பிடித்துக்கொண்டு.
இரண்டுக்குப் பூஜ்யம் தோற்றோம்.
திங்கட்கிழமை அந்தக் கால்
மாட்ரிட்டுக்கே திரும்பிப் போயிற்று.

துவைப்பதற்கு முன்
எதையும் உள்பக்கம் திருப்புவது என் வழக்கம்.
திருப்பினேன்.
சன்னலுக்கு நேரே பிடித்தேன்.

கால் இருந்தது.

நூலாக இல்லை, ஊசித் துளைகளாக.
தொடையிலிருந்து குளம்புவரை நெருக்கமாக இரண்டு வரிசை,
ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு வெளிச்சம்.
எதெல்வினா நாலு காலும்தான் தைத்திருக்கிறாள்.
யாரோ ஒன்றைப் பிரித்திருக்கிறார்கள்,
அவசரமாக, ஒரு இடத்தில் துணி கிழிய.

முதல் ஆட்டம் முடிந்ததும் எடுத்த படம்
மன்ற அறையில் மாட்டியிருக்கிறது, எல்லோரும் பார்த்ததுதான்.
நடுவில் கோல்கீப்பர் சில்வேரியோ.
சின்னம் தைத்த ஒரே சட்டை அவனுடையது,
பதினொன்றுக்கும் தைக்கக் காசில்லை.
இடது புருவத்தின் மேல்
கம்பளிப்பூச்சி மாதிரி ஏதோ.
படத்தில் விழுந்த அழுக்கென்று நினைத்திருந்தேன்.
இன்று நாற்காலி போட்டு ஏறி எண்ணினேன்.
தையல் ஏழு.

டாக்டர் அன்று
எந்தப் பிரசவத்துக்குப் போயிருந்தாரோ.
இடைவேளை கால்மணி நேரம்.
ஞாயிற்றுக்கிழமை, கடை சாத்தியிருக்கும்.
ஊசி அவளிடம் இருந்தது.
நூல் அவன் நெஞ்சில் இருந்தது.

இரண்டாம் பாதிக்கு அவன் இறங்கும்போதுதான்
அக்கரையிலிருந்து முதல் குரல் வந்திருக்கும்:
கோஷா!

யாரிடம் சொல்ல?
சொன்னால் ஃப்ருக்துவோசோ சிரிப்பார்,
"மறைந்திருக்கிறது என்று
அன்றைக்கே சொன்னேனே."

கழுத்துப்பட்டையருகே
பொத்தான் அளவு பழுப்புக் கறை.
உப்பும் குளிர்ந்த தண்ணீரும் போதும்,
எத்தனை பழையதானாலும் முக்கால்வாசி போய்விடும்.

தண்ணீர் காட்டவில்லை.
தூசு தட்டி, நல்ல பக்கம் திருப்பி,
மடித்து வைத்தேன்.
சீட்டில் எழுதினேன்:
கறை போகவில்லை.
கூலி வழக்கம்போல.